நண்டுக்கு எழுபத்தைந்து பொட்டலம்

திருவாழிப்பட்டினம் நகராட்சி அலுவலக வாசலில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. ‘இந்நகரில் மனிதர் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் அவலம் அறவே ஒழிக்கப்பட்டது’ என்று அதில் பொறித்திருக்கும். மாதம் ஒருமுறை அதைப் புளி போட்டுத் துலக்குகிறவன் அற்புதராஜ். மாதம் மூன்று முறை குழிக்குள் இறங்குகிறவனும் அவனே.

பலகையில் பொய் எதுவும் இல்லை. இறங்குகிறவருக்கு இப்போது ‘இயந்திரத் தோழர்’ என்று பெயர். சுத்தம் செய்யப் போன இயந்திரம் உள்ளே சிக்கிக்கொண்டால் அதற்குத் துணையாகப் போகிறவர். அதற்காக ஒரு நீலச் சட்டையும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்திருந்தார்கள். இறங்குமுன் இரண்டையும் கழற்றி வைத்துவிட வேண்டும். அரசுச் சின்னம் அழுக்காகக் கூடாது என்பது விதி.

போன மாதம் அவனைக் கயிறு கட்டி மேலே தூக்கியபோது உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவன் மனைவி நிரோஷா அதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னொரு தடவ அந்த யாளிய இழுக்க எறங்குனீங்கன்னா, நானும் பின்னாடியே எறங்கிருவேன், பாத்துக்கங்க.”

“ரெண்டு பேருக்கு அதுல எடமில்ல நிரோ” என்றான் அற்புதராஜ், இருமலுக்கு நடுவே. “யாளிக்கே எடமில்லாமத்தானே நான் போறேன்.”

யாளி என்றால் கோயில் தூணில் நிற்குமே, அந்த உருவத்தில் செய்த இயந்திரம். பதினேழாம் வார்டு உட்பட ஊரின் இருபத்து நான்கு வார்டுகளுக்கும் ஐந்தைந்து இயந்திரங்கள் வந்திருந்தன: யாளி, ஆமை, விலாங்கு, நண்டு, மண்புழு. இந்த ஐந்தும் அதே பெயரில், அதே உருவத்தில் ‘பாதாளப் படை’ என்ற கைப்பேசி விளையாட்டிலும் இருந்தன. விளையாட்டில் பிராணிக்குச் சத்துப்பொடி கொடுத்தால் அது படி ஏறும். அங்கே அது ஏறினால் இங்கே குழிக்குள் இருக்கிற இயந்திரத்துக்குப் புத்தி ஏறும். மக்களே இயந்திரங்களை வளர்க்கும் மகத்தான ஜனநாயகம் என்று விளம்பரத்தில் சொன்னார்கள்.

வார்டுக்கு ஒரு வளர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. மற்ற வார்டுகளில் கவுன்சிலரின் மனைவி, மச்சினி, மருமகள் என்று பதவி பறந்துவிட்டது. மீன் மார்க்கெட்டும் கல்யாண மண்டபங்களும் வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் சாக்கடையும் கொண்ட பதினேழாம் வார்டை மட்டும் யாரும் சீந்தவில்லை. நிரோஷா கையைத் தூக்கினாள்.

“நீங்க என்ன செய்யறீங்கம்மா?” என்று கேட்டார்கள்.

“சத்துணவுல சமைக்கிறேன். நூத்திப் பதினெட்டுப் பிள்ளைங்க.”

“விளையாடத் தெரியுமா?”

“முப்பது பிள்ளைக்கு வர்ற பருப்புல நூத்திப் பதினெட்டுப் பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார்கள்.

அவளுக்கு விளக்கம் சொல்ல வந்தவள் உதவிப் பொறியாளர் ஷாஹிதா. சத்துணவு மையத்தின் பின்கட்டில், கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துதான் அந்தப் பயிற்சி வகுப்பு நடந்தது.

“அக்கா, மாசத்துக்கு அறுநூறு பொட்டலம். அதுக்கு மேல கெஞ்சினாலும் வராது. தலைநகர்ல ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு பொட்டலம்னா, அதுல உங்க மெஷினுக்குப் பத்து நிமிஷம் பாடம். அவ்வளவுதான் விஷயம். பொடின்னு பேர் வெச்சிருக்காங்க.”

“படி ஏற எத்தனை வேணும்?”

“மொதப் பத்துப் படிக்கு ஒவ்வொண்ணு. இருபது வரைக்கும் அஞ்சஞ்சு. முப்பது வரைக்கும் இருபது இருபது. அதுக்கு மேல ஒரு படிக்கு அறுபது.”

நிரோஷா கரண்டியை நிறுத்தினாள். “அப்ப நம்ம யாளி இப்ப முப்பதுல நிக்குது. அத நாப்பது ஆக்க ஒரு மாசப் பொடி பூரா வேணும்.”

“ஆமா.”

“மத்த நாலும்?”

“பூஜ்யத்துல இருக்கு. யாளிய மட்டும் முப்பதாக்கிக் குடுத்தாங்க, மத்தத யாரும் தொடவே இல்ல.”

“நாலையும் இருபதாக்க இருநூத்தி நாப்பது போதும். மிச்சம் முந்நூத்தி அறுபது கையில நிக்கும்.” நிரோஷா யோசித்தாள். “சரி, முப்பதுக்கு மேல போனா யாளி அப்படி என்னதான் கத்துக்குது?”

ஷாஹிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

“முப்பத்திரண்டுல கர்ஜிக்கக் கத்துக்குது. முப்பத்தஞ்சுல பிடரியில வெளக்கு எரியுது. முப்பத்தொம்பதுல வணக்கம் சொல்லுது.”

“யாருக்கு?”

“மேடையில இருக்கறவங்களுக்கு.”

“சாக்கடைக்குள்ள மேடை எங்க இருக்கு?”

“அதத்தான்க்கா நானும் எழுதிக் கேட்டேன். என்னைப் பதினேழாம் வார்டுக்கு மாத்திட்டாங்க.”

வெள்ளிதோறும் ஆணையர் முனைவர் இமயவரம்பன் அவர்கள் தலைமையில் ‘யாளி முன்னேற்ற ஆய்வுக் கூட்டம்’ நடக்கும். ‘நிலத்தடியும் நிர்வாக மேன்மையும்’ என்ற ஆய்வுக்காக அவர் முனைவரானவர். நிலத்தடி எதையும் எட்டிப் பார்த்தவரில்லை. பொடி முழுவதையும் யாளிக்கே இட வேண்டும், சிற்றுயிர்களில் சிதறடிக்கலாகாது என்பது அவர் சுற்றறிக்கை. ஆண்டு இறுதியில் மாநிலக் கோப்பைக்கான விழா. பெண்தான் வளர்க்க வேண்டும் என்ற விதியைத் தமக்கு மட்டும் தளர்த்திக்கொண்டு, ஒன்றாம் வார்டு யாளியை அவரே தம் திருக்கரத்தால் வளர்த்துவந்தார். கோப்பை வந்தால் பதவி உயர்வும் வரும் என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை நிரோஷாவுக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அண்டாவின் மேலாக மிதக்கிற கேரட்டைத்தான் பார்ப்பார்கள். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குகிற அதிகாரியை அவள் இன்னும் சந்திக்கவில்லை. விளையாட்டில் அலங்காரம் இலவசம். விளம்பரம் நாலு பார்த்தால் கிரீடம், ஆறு பார்த்தால் முத்து மாலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சோப்பு விளம்பரமும் மனை விளம்பரமும் பார்த்து, முப்பதாம் படி யாளிக்கு ஒன்பது இறகு வைத்த கிரீடமும் மூன்று சரம் மாலையும் போட்டுவிட்டாள். பொடி அத்தனையும் கீழே, மற்ற நாலுக்கும் போயிற்று.

வெள்ளிக்கிழமை திரையில் அது தோன்றியதும் ஆணையர் எழுந்தே நின்றுவிட்டார். “பாருங்கள்! கடைக்கோடி வார்டு! என்ன கம்பீரம்! உழைப்பு என்றால் இது!” படி எண், யாளியின் காலடியில் எறும்பு அளவில் எழுதியிருந்தது. காலடியைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

பொடி கொடுப்பது பாதி வேலைதான். கிடைத்த பாட நேரத்தில் பிராணிகளை எந்த வழியில் நடத்துவது என்று யாராவது கைப்பேசியில் விரலால் காட்டவேண்டும். மற்ற வார்டுகளில் நகராட்சி வரைபடத்தைப் பார்த்து நடத்தினார்கள். வரைபடம் போட்டவர் சாக்கடை நேராகப் போகும் என்று நம்பியவர்.

“இங்க நேராப் போகாத” என்றான் அற்புதராஜ், சோற்றுத் தட்டுடன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. “வலப்பக்கம் ஒரு முட்டு இருக்கு. அத ஒட்டித் தலையச் சாச்சுட்டுப் போணும். அங்க செங்கல் ரெண்டு பேந்து கெடக்கு. போன வருஷம் என் முட்டிய அங்கதான் கிழிச்சிக்கிட்டேன்.”

நிரோஷா விலாங்கைச் சாய்த்துப் போனாள். இடித்துக்கொள்ளாமல் போயிற்று.

“இங்க?”

“இங்க மூச்ச அடக்கிக்கணும். மண்டபத்து எலையெல்லாம் வந்து அழுகுற எடம். நாலு எட்டு. நாலு எட்டுக்குள்ள தாண்டிரணும்.” சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். “என்கூட எறங்குன மணிகண்டன் அஞ்சாவது எட்டு வெச்சான்.”

மண்புழுவின் வேலை மோப்பம் பிடிப்பது. அந்த இடத்தில் நிற்கவும், காற்று கெட்டிருந்தால் உடம்பு சிவந்து காட்டவும் அன்று அது கற்றுக்கொண்டது. பதினொரு வருடமாக அற்புதராஜின் முட்டியிலும் முதுகிலும் நுரையீரலிலும் எழுதியிருந்ததெல்லாம் சோற்று வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நாலு பூச்சிகளுக்குள் இறங்கியது.

மூன்றாம் மாதம் நண்டு முப்பதாம் படியைத் தொட்டது. திரையில் ஒரு பொத்தான் மினுங்கியது: ‘சட்டை உரிக்க: 75.’

“அமுக்கிராதீங்கக்கா” என்றாள் ஷாஹிதா. “நண்டுக்கு ரெண்டாவதா ஒரு கொடுக்கு இருக்கு. ரம்பம் மாதிரி. மெஷின்ல மொதல்லேர்ந்தே இருக்கு, பூட்டி வெச்சிருக்காங்க. உரிச்சாத்தான் தொறக்கும். ஆனா ஒரு மணி நேரம்தான் தொறந்திருக்கும். திரும்ப வேணும்னா திரும்ப எழுபத்தஞ்சு.”

“ஒரு மணி நேரத்துக்கா? இது என்ன கணக்கு?”

“விளையாட்டு விக்கிறவங்க கணக்கு.”

நிரோஷா பொத்தானைத் தொடவில்லை. சமையலறையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு: எத்தனை பிள்ளை வந்தாலும் கடைசி இரண்டு படி அரிசியை உலையில் போடமாட்டாள். வரிசையெல்லாம் முடிந்தபின் ஓடிவருகிற பிள்ளை ஒன்று எப்போதும் உண்டு. ஒவ்வொரு மாதமும் எண்பது பொட்டலத்தைத் தொடாமல் ஒதுக்கினாள். மாதக் கடைசி நாளன்று, அது வீணாகாதபடி, விலாங்குக்கும் ஆமைக்கும் பிரித்துக் கொடுப்பாள்.

அந்த மூன்று மாதத்தில் பதினேழாம் வார்டில் அற்புதராஜ் ஒருமுறைகூட இறங்கவில்லை. பிற வார்டுகளின் யாளிகளை இழுக்க மட்டும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். படி ஏற ஏற அவை அதிகமாகச் சிக்கின. உள்ளே போய்க் கர்ஜிக்கும். பிடரி விளக்கை எரிக்கும். பாட்டரி தீர்ந்து அப்படியே நிற்கும்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஆணையரிடமிருந்து ஓலை வந்தது. ஒன்பது இறகுக் கிரீடம் தரித்த பதினேழாம் வார்டு யாளி, பரிவாரங்களுடன், தொடக்க அணிவகுப்பில் முன்செல்ல வேண்டும்.

“காலடியப் பாத்துட்டா?” என்றாள் நிரோஷா.

“யாருக்கா குனியப் போறாங்க?” என்றாள் ஷாஹிதா. “பரிவாரம்னு போட்டிருக்கு. நாலையும் சேத்து லாரியில ஏத்துங்க.”

விழா நாளுக்கு முன்பு மூன்று நாள் விடாமல் மழை. விழாவன்று காலை வெளுத்தது. ஒன்றாம் வார்டு மைதானத்தில் பந்தல், முன்வரிசையில் அமைச்சர், பின்னால் ராட்சதத் திரை. ஓரத்தில் நீலச் சட்டையும் வில்லையுமாக அற்புதராஜைக் கயிற்றோடு நிறுத்தியிருந்தார்கள், மனிதனும் இயந்திரமும் கைகோத்து நிற்பதன் அடையாளமாக.

ஒன்றாம் வார்டு யாளி அறுபதாம் படியில் இருந்தது. மேடையைப் பார்த்து அது வணக்கம் சொன்னதும் கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு மைதானத்து மூலையில் திறந்திருந்த குழிக்குள் இறங்கியது. திரையில் எல்லோரும் பார்த்தார்கள். இருபதடி போனது. கழுத்து போலக் குறுகும் ஒரு வளைவில் தோள் மாட்டிக்கொண்டது. கர்ஜித்தது. விளக்கெரித்தது. இன்னொரு முறை கர்ஜித்தது. திரை கறுத்தது.

மழைநீருக்குப் போக வேறு வழியில்லை. குழியிலிருந்து பொங்கி, சிவப்புக் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு, முன்வரிசையை நோக்கி வந்தது. அமைச்சர் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் சம்மணமிட்டார்.

“தோழரைக் கூப்பிடுங்கள்!” என்றார் ஆணையர்.

அற்புதராஜ் நெஞ்சிலிருந்து வில்லையைக் கழற்றினான். சட்டைப் பொத்தானில் கை வைத்தான். அதற்குள் நிரோஷா தண்ணீரில் சளசளவென்று நடந்து வந்துவிட்டாள்.

“சட்டையப் போடுங்க.”

“நிரோ, எல்லாரும் பாக்குறாங்க...”

“பாக்கட்டும். போடுங்கன்னா போடுங்க.” ஆணையர் பக்கம் திரும்பினாள். “சார், எங்க வார்டு பூச்சிங்க லாரியில இருக்கு. விடவா?”

“இது ஒன்றாம் வார்டு எல்லை, அம்மா. வேற்று வார்டுப் புழு இங்கே நுழைய வேண்டுமானால் கோப்பு வைத்து, ஒப்புதல்...”

“தண்ணிக்கு வார்டு எல்லை தெரியல. என் சேர்ல ஏறுது” என்றார் அமைச்சர். “புழுவோ பூச்சியோ, சீக்கிரம் விடுங்கய்யா!”

முதலில் மண்புழு. கை கனத்தில், கறுப்பாக, பார்க்க ஒரு ரப்பர் குழாய். பந்தலில் யாரோ சிரித்தார்கள். திரை மறுபடி உயிர்பெற்றது. புழு பத்தடி போயிற்று, பதினைந்தடி போயிற்று. நின்றது. தலையிலிருந்து வால்வரை சிவந்தது.

அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று, கைப்பேசியில் விளையாடுகிற ஊர் முழுக்கத் தெரியும். சிரித்தவர் நிறுத்தினார். அற்புதராஜ் தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டான். ஆணையர் மட்டும் தம் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விலாங்கு” என்றாள் நிரோஷா. அது கெட்ட காற்றை விரட்டும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு போயிற்று. அற்புதராஜ் அவள் தோளருகே வந்து நின்றான். “இந்த எடம் எனக்குத் தெரியும். யாளிக்கு வயித்துக்குக் கீழ ஒரு சாண் இடுக்கு. நண்ட மல்லாக்க விடு.”

நண்டு மல்லாந்து யாளியின் வயிற்றடியில் போயிற்று. அடைப்பு தெரிந்தது. வழவழவென்று, சுருட்டிச் சுருட்டி, மண்ணோடு இறுகிய ஏதோ ஒரு தாள். கொடுக்கு வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

“கையிருப்பு எவ்வளவு இருக்கிறது?” ஆணையர் அவள் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். “எண்பதா! உடனே யாளிக்கு மாற்றிக் கொடுங்கள் அம்மா. இன்னும் ஒரு படி. ஒரே தள்ளு!”

“அடுத்த படியில அது என்ன சார் கத்துக்கும்?”

ஆணையர் ஷாஹிதாவைப் பார்த்தார். ஷாஹிதா வானத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “அறுபத்தொண்ணுல மால வாங்கிக்கக் கத்துக்கும் சார்.”

நிரோஷா பொத்தானை அழுத்தினாள்.

திரையில் நண்டின் ஓடு பிளந்து விழுந்தது. குழிக்குள் அதே நொடியில் ஒரு பூட்டு திறந்து, ரம்பப் பல் வைத்த இரண்டாம் கொடுக்கு வெளியே வந்தது. கர்ர் என்ற சத்தம் மைதானத்துத் தரையில் கால் வழியே கேட்டது. நான்கு நிமிடம். பிறகு அடியில் எங்கோ பெரிதாக ஒரு மிடறு விழுங்கிய ஒலி. கம்பளத்தின் மேலிருந்த தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஆமை யாளியின் வாலைக் கொக்கியில் மாட்டிப் பின்னோக்கி நடந்து, அதைக் கிணற்றில் விழுந்த எருமையைப் போல வெளியே கொண்டுவந்து போட்டது. பந்தல் எழுந்து நின்றது. மீன் மார்க்கெட் பெண்கள் விசிலடித்தார்கள்.

கடைசியாக நண்டு வந்தது, தான் அறுத்ததை இழுத்துக்கொண்டு. விரித்துப் பார்த்தார்கள். வரவேற்பு பேனர்கள். பதினாறு அடி அகலத்தில் முனைவர் இமயவரம்பன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். போன விழாவிலும், அதற்கு முந்திய விழாவிலும், அதற்கு முந்தியதிலும்.

கோப்பை பதினேழாம் வார்டுக்கு. அமைச்சர் நாற்காலியிலிருந்து இறங்காமலேயே கொடுத்தார். மறுவாரம் புதிய சுற்றறிக்கை வந்தது: சிற்றுயிர்களைப் பேணும் ‘இமயவரம்பன் முறை’யை எல்லா வார்டுகளும் பின்பற்ற வேண்டும், பதினேழாம் வார்டு வளர்ப்பாளருக்கு அம்முறையில் மூன்று நாள் பயிற்சி அளிக்கப்படும். நிரோஷா போனாள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஊர் முழுக்கப் பொடி கீழே போகத் தொடங்கியது. அவளுக்கு வேண்டியது அதுதான். முறைக்கு யார் பேர் இருந்தால் என்ன?

அந்த மாதம் அற்புதராஜை எந்த வார்டும் கூப்பிடவில்லை.

மாதக் கடைசியில் செயலியில் அறிக்கை நிரப்பவேண்டும். முந்தைய மாதங்களில் பிற வார்டு இறக்கங்களையும் சேர்த்து எண்ணைப் போட்டுவிடுவாள். ‘இயந்திரத் தோழர் இறங்கிய தடவைகள்’ என்ற கட்டத்தில் இப்போது பூஜ்யம் போட்டாள். சிவப்பாக எழுத்து வந்தது: ‘பிழை. 1 முதல் 30 வரை ஓர் எண்ணை உள்ளிடவும்.’

மறுபடி போட்டாள். மறுபடி பிழை.

ஷாஹிதா வந்து பார்த்தாள். தானும் ஒருமுறை பூஜ்யம் போட்டுப் பார்த்தாள். “இத வடிவமைச்சவங்களுக்குப் பூஜ்யம்னு ஒண்ணு வரும்னே தோணலக்கா.”

“ஒன்று என்று போட்டுவிடுங்கள் அம்மா, என்ன குறைந்துவிடும்?” என்று ஆணையர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு வார்டு அனுப்பாவிட்டால் ஊர் அறிக்கை போகாது. ஊர் போகாவிட்டால் மாவட்டம் போகாது.

“எறங்காத மனுசன எறங்கினதா எழுத மாட்டேன் சார்” என்றாள் நிரோஷா. “மாவட்டம் நிக்கட்டும்.”

மாவட்டம் நின்றது. மாநிலமும் நின்றது. நான்காம் நாள் மதியம், பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டுப் போனபின், செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. ‘சிறு மேம்பாடுகள்’ என்று மட்டும் சொன்னது. அற்புதராஜ் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பூஜ்யத்தைப் போட்டாள். பச்சையாக ‘ஏற்கப்பட்டது’ என்றது.

“அவ்வளவுதானா?” என்றான்.

“அவ்வளவுதான்.”

சாயங்காலம் ஷாஹிதா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, கட்டம் திறந்த ஒரு மணி நேரத்துல, நம்ம ஊரத் தவிர மாநிலத்துல இன்னும் பதினோரு வார்டுலேர்ந்து பூஜ்யம் வந்திருக்கு. பதினொண்ணு! விசாரிச்சேன். சிலது ரெண்டு வருஷமாவே அப்படித்தானாம். வேற வழியில்லாம மாசாமாசம் ஒண்ணுன்னு போட்டுட்டு, வெளியில சொல்லாம இருந்திருக்காங்க.”

நிரோஷா கணவனைப் பார்த்தாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய், நன்றாக, ஆழமாக, ஒரு மூச்சு இழுத்துவிட்டான். இருமல் வரவில்லை.

“அந்தப் பதினோரு பேரு நம்பர் கெடைக்குமா ஷாஹிதா?” என்றாள் நிரோஷா.